வெள்ளிக்கிழமைத் தகடுகள்

இந்தப் பக்கம் வாங்க சார். ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரங்க கூப்பிடுவாங்க, காதுல வாங்காதீங்க. அந்தா நிக்கிற வெள்ளைக் கார்தான் நம்மது. பையைக் குடுங்க. அட, குடுங்க சார், இதுல என்ன இருக்கு. முன்னாடியே உக்காருங்க. பின் சீட்டு பூரா ரப்பர் சாம்பிள், பேண்ட்டு கறையாயிரும்.

டிரைவரை வேணாம்னுட்டு நானே வந்தேன் சார். உண்மையைச் சொல்லிருறேன். கம்பெனிக்குள்ள போயிட்டா உங்ககூடத் தனியாப் பேச முடியாது. காபி குடுப்பாங்க, சால்வை போத்துவாங்க, அண்ணாச்சி தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. அதுக்கு முன்னாடி இந்தத் திருமங்கலம் ரோட்டுல எனக்குக் கிடைக்கிற நேரம்தான் நேரம். இருங்க சார், நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியும். நான் முதல்ல முடிச்சுடறேன்.

என் பேரு இங்கர்சால். கிறிஸ்தவரான்னு கேப்பாங்க. இல்ல சார். அந்தப் பேருல ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரு, கடவுளே கிடையாதுன்னு ஊர் ஊராப் பேசின ஆளு. எங்கப்பா கறுப்புச் சட்டைக்காரர், அவர் வெச்ச பேரு. இந்தப் பேரை வெச்சுக்கிட்டு மதுரைப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில குவாலிட்டி மேனேஜரா இருக்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு இப்பத் தெரிஞ்சுக்குவீங்க.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன். நாங்க உங்க வண்டிக் கம்பெனிக்குப் பண்றது ஒரே ஒரு சாமான். வண்டி இன்ஜினுக்கு அடியில வைக்கிற மவுண்டிங். மேல ஒரு தகடு, கீழ ஒரு தகடு, நடுவுல ரப்பர். பிரஸ்சுல உங்க அச்சை மாட்டி, அதுக்குள்ள மூணையும் சேத்து வேக வைக்கிறோம். அம்புட்டுதான். எங்களுக்கு வேற கஸ்டமர் கிடையாது சார். நீங்கதான் எல்லாம். இந்த ஆர்டர் போச்சுன்னா மறுநாள் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். பிரஸ்ல நிக்கிற ஆளுங்க, தகட்டுக்குப் பசைக் கோட்டிங் அடிக்கிற பொம்பளைங்க, வாட்ச்மேன், நான், அண்ணாச்சி, எல்லாரும் ரோட்டுல. எனக்கு இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? ரப்பரை ஒட்ட வைக்கத் தெரியாத குவாலிட்டி மேனேஜர்னு பேரு பரவியாச்சு. நேத்து எம் பொண்ணு கேக்குது, அப்பா ஏன் சாப்பிடும்போதும் விரலால மேஜையைச் சுரண்டிக்கிட்டே இருக்கேன்னு. நான் சுரண்டுறதே எனக்குத் தெரியல சார்.

ஒட்டலை. அதான் விஷயம். நல்லா ஒட்டின சாமானை மிஷின்ல மாட்டி இழுத்தா ரப்பர்தான் கிழியும். தகட்டுல ரப்பர் நார் நாராப் பிடிச்சிருக்கும். அது பாஸ். எங்களது எப்படி வருதுன்னா, நல்லா வெந்த தோசை கல்லைவிட்டுக் கிளம்புற மாதிரி முழுசா வந்துருது. தகடு பளபளன்னு இருக்கு. எல்லாமும் அப்படி இல்ல. கொஞ்சம் நல்லா இருக்கும், நல்லா இருக்கும், திடீர்னு ஒரு லாட்டு பூரா உரிஞ்சுரும்.

நான் சும்மா இருப்பேனா? எங்கப்பா எனக்குச் சொத்து எதுவும் வைக்கல. ஏன்னு கேளுன்னு மட்டும் சொல்லிக்குடுத்தாரு. கேட்டேன். ஏன் உரியுது? பசை பிடிக்கலை. ஏன் பிடிக்கலை? தகட்டுல ஏதோ இருக்கு. ஏன் இருக்கு? அங்கதான் நின்னுபோச்சு. பசையை மாத்தினேன். தகட்டைச் சுத்தம் பண்ண மணல் அடிக்கிற மிஷினை மாத்தினேன். கம்ப்ரசர் காத்துல எண்ணெய் வருதான்னு வெள்ளைத் துணியைப் பிடிச்சுப் பாத்தேன். பிரஸ்சோட சூட்டைக் கூட்டினேன், குறைச்சேன். எல்லாம் தனித்தனியா சார். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்திட்டா எது பண்ணுச்சுன்னு எவனுக்கும் தெரியாது. இது எனக்கு வேதம் மாதிரி. வேதம்னு சொல்லக் கூடாது நான். சரி, விடுங்க.

அப்பத்தான் ஒண்ணு பிடிபட்டுச்சு. பசையை மாத்தினதுக்கு அப்புறம் உரிஞ்ச சாமான் எல்லாம் சனிக்கிழமை கோட்டிங் அடிச்சது. மத்த நாள்ல அடிச்சது ஒண்ணுகூட உரியலை. சனிக்கிழமை யாரு அடிக்கிறா? இருளாயின்னு ஒரு பொம்பளை. எத்தனையோ வருஷமா இருக்கா. ஞாயித்துக்கிழமை லீவுக்கு முந்தின நாள், மத்த பொம்பளைங்க எல்லாம் ஊருக்குப் போகணும்பாங்க, இவ மட்டும் சரி நான் நிக்கிறேன்னுருவா. அதனால சனிக்கிழமை எப்பவும் இவதான்.

கூப்பிட்டுக் கேட்டேன். "என்னம்மா பண்றே நீ? உன் கைப்பட்டதெல்லாம் உரியுது?"

"வழக்கம்போலத்தான் சார் அடிக்கிறேன்."

"வழக்கம்போலன்னா எப்படி?"

"வழக்கம்போலத்தான் சார்."

தலைக்கு எண்ணெய் வெக்கிறியான்னு கேட்டேன். யாரு சார் வெக்காம இருக்காங்கன்னு சொல்லுது. கையுறையை மாத்தினேன். பூ வெக்காதேன்னேன். தலையில துணி கட்டச் சொன்னேன். சனிக்கிழமை உரியுது. அண்ணாச்சிகிட்டப் போனேன். அண்ணாச்சி யாருன்னு சொல்லலையே, தனுஷ்கோடி அண்ணாச்சி, எங்க முதலாளி. நல்ல மனுசன், அதுல சந்தேகம் இல்ல. இருளாயியை நிறுத்தணும்னேன். "பாவம்யா, பிள்ளைகுட்டிக்காரி"ன்னாரு. பாவம் பாத்தா தப்பைக் கண்டுபிடிக்க முடியாது அண்ணாச்சின்னு சொன்னேன். டேட்டா சொல்லுதுன்னேன். நிறுத்தினாரு. போறப்ப அழுதாளாம். நான் பாக்கல, டெஸ்டிங் ரூம்ல இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பஞ்சவர்ணம்னு ஒரு புதுப் பொண்ணு அடிச்சுச்சு. உரிஞ்சுது.

நீங்க பாக்கிற பார்வை புரியுது சார். அதுவும் ஒரு முடிவுதான். ஒரு காரணம் இல்லைன்னு உறுதியாச்சுல்ல? அப்படித்தான் சார் விஞ்ஞானம் முன்னேறுது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாமேங்கிறீங்க. கூப்பிடலாம்தான். ஆனா அந்த இடத்துல பஞ்சவர்ணம் வந்துருச்சே. மறுபடி ஆளை மாத்தினா சோதனை குழம்பிப்போகும்ல. அப்ப இருந்த டேட்டாவுக்கு நான் பண்ணது சரி. இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அடடா, ரயில்வே கேட் போட்டுட்டான். நல்லதுதான், நேரம் கிடைக்குது. ஏசியைக் கொஞ்சம் கூட்டட்டுமா? வேர்க்குதே உங்களுக்கு. என்ன சார்? இல்ல இல்ல, சாப்பாடெல்லாம் அங்க ஏற்பாடு ஆயிருக்கும். கேளுங்க.

சனிக்கிழமை ஆளு இல்லைன்னா, அப்ப நாள்தான். சனிக்கிழமை அடிக்கிற தகடெல்லாம் வெள்ளிக்கிழமை மணல் அடிச்சு ரேக்குல அடுக்கி வைக்கிறது. அப்ப வெள்ளிக்கிழமை ஏதோ நடக்குது. சுவர் பூராத் தாளை ஒட்டி, தகடு லாரியில இருந்து இறங்குறதுல இருந்து சாமான் பெட்டிக்குள்ள போற வரைக்கும் படம் போட்டேன். ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்ன நடக்குது? பிரஸ்காரன் சொன்னான், ஒண்ணும் இல்ல சார், வழக்கம்போலத்தான். மணல் அடிக்கிறவன், வழக்கம்போலத்தான். ஸ்டோர்ல கேட்டேன். வழக்கம்போலத்தான். எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்போல ஆயிருச்சு சார். அந்த வார்த்தையைக் கேட்டாலே ஓங்கி அறையலாமான்னு வரும்.

எனக்கு ஏன் தெரியலைன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில பூஜை. மணி சத்தம் கேட்ட உடனே நான் வெளிய வந்துருவேன். எதிர்ல டீக்கடை இருக்கு. கொள்கைன்னு ஒண்ணை வெச்சுக்கிட்டா கடைப்பிடிக்கணும்ல. சேர்ந்த நாள்ல இருந்து ஒரு பூஜைக்கும் நான் நின்னதில்ல. பொரிகடலை பொட்டலத்தோட பசங்க வெளிய வந்தாய்ங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம், உள்ள போவேன். உள்ள ஒரே வாசனையா இருக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு என் ரூமுக்குப் போயிருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை சார். சும்மா கொட்டுது. டீக்கடைக்குப் போக முடியல. ஸ்டோர் வாசல்ல ஒதுங்கி நின்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறேன், பஞ்சவர்ணம் தூபக்காலைத் தூக்கிட்டு வருது. சாமி படத்துக்குக் காட்டிட்டு நிப்பாட்டும்னு பாத்தா, நிப்பாட்டலை. நேரா ரேக்குக்கு வருது. மணல் அடிச்சு அடுக்கின தகடு, பச்சைப்பிள்ளை தோல் மாதிரி இருக்கும் சார் அது, விரல் பட்டாலே கெட்டுப்போகும்னு நான் கையுறை போட்டு வளர்க்கிற தகடு. அதுக்கு அடியில புகையைக் காட்டுது. ஒவ்வொரு தட்டுக்கும் குனிஞ்சு காட்டுது. டியூப் லைட்டே தெரியல, அம்புட்டுப் புகை.

"என்னம்மா பண்றே?"

"வழக்கம்போலத்தான் சார்."

"எப்ப இருந்து இந்த வழக்கம்?"

"தகடு உரிய ஆரம்பிச்சதுல இருந்து சார். அண்ணாச்சிதான், தகட்டுக்குக் கண்ணு பட்டிருக்கு, அதுக்கும் சேத்துக் காட்டுங்கன்னாரு. முன்ன இருளாயி அக்கா காட்டும். இப்ப நானு."

ஓடிப்போய் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தகட்டைத் துடைச்சேன் சார். மஞ்சளா வந்துச்சு. பிசுபிசுன்னு. சாம்பிராணின்னா என்ன? மரத்துப் பிசின். அது புகையாப் போயித் தகட்டுல படிஞ்சா, அதுக்கு மேல பசை எங்கிட்டுப் பிடிக்கும்? நான் அங்கேயே உக்காந்துட்டேன். சிரிச்சேன்னு சொன்னாங்க. எனக்கு ஞாபகம் இல்ல.

எல்லாம் அப்பத்தான் விளங்குச்சு. முதல் தடவை உரிஞ்சது கெட்டுப்போன பசையால. அதை நான் அன்னைக்கே மாத்திட்டேன். அன்னையோட முடிஞ்சிருக்கணும். ஆனா அண்ணாச்சி பயந்துபோயித் தகட்டுக்கும் புகை போடச் சொல்லிட்டாரு. புகை போட்டதால உரியுது. உரியுதுன்னு இன்னும் கொஞ்சம் புகை. அவரு பயப்பட பயப்பட உரியுது சார்.

அண்ணாச்சி ரூமுக்குப் போனேன். மழையில நனைஞ்சு, கையில மஞ்சத் துணியோட. "அண்ணாச்சி, கண்டுபிடிச்சுட்டேன். சாம்பிராணியை நிறுத்துங்க."

என்னையே பாத்தாரு. "இதுக்குத்தானய்யா இம்புட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தே?"

"இல்ல அண்ணாச்சி, துணியைப் பாருங்க."

"வந்த மொதநாளே சாமி படத்தை எடுங்கன்னு சொன்ன ஆளுதானே நீ."

"அது விளக்குக்குப் பக்கத்துல பசை கரைக்கிற சால்வென்ட் டின் இருந்துச்சு அண்ணாச்சி. தீப்பிடிச்சுரும்னு சொன்னேன்."

"இன்னைக்குச் சாம்பிராணி. நாளைக்கு விளக்கு. நாளன்னைக்கு என் நெத்தி. போய்யா. நான் என்ன எனக்காகவா கும்பிடுறேன்? இந்தக் கேட்டுக்குள்ள வர்றவங்க எல்லார் வயிறும் நிறையணும்னு கும்பிடுறேன். அதுல கைவைக்காதே."

அவரு கண்ணு கலங்கிருச்சு சார். எனக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் அழுதோம். ஆனா பாருங்க, அந்தத் துணியை அவரு கையில வாங்கக்கூட இல்ல.

சரி, சோதனை பண்ணிக் காட்டுவோம்னு முடிவு பண்ணேன். அடுத்த வெள்ளிக்கிழமை, யாருக்கும் தெரியாம, ரேக்கு பூரா பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடிட்டேன். புகை உள்ள போகலை. சனிக்கிழமை லாட்டு இழுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட உரியலை சார்! எல்லாம் நார் நாரா! அந்த டெஸ்டிங் ரூம்ல தனியா நின்னு கையைத் தட்டினேன். சாமானை எடுத்துக்கிட்டு அண்ணாச்சிகிட்ட ஓடுறேன், அவரு மொட்டைத் தலையோட எதிர்ல வர்றாரு. அந்த வாரம்தான் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு, கெடா வெட்டிட்டு வந்திருக்காரு. சாமானைப் பாத்த உடனே கையெடுத்துக் கும்பிட்டாரு. என் ஷீட்டைப் பத்திச் சொல்றேன், யாரு கேக்குறா? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு சொன்னேன்ல. என்கிட்டக் கேக்காம ரெண்டாவது மாத்தத்தை அவரு பண்ணிட்டாரு சார், கெடாவோட.

ஷீட்டையும் எடுத்துட்டாங்க. பஞ்சவர்ணம் கேக்குது, சாமி புகை உள்ள போகலைன்னா எப்படி சார்னு. நேர்த்திக்கடன் பலிச்சுருச்சுன்னு சாம்பிராணியை ரெண்டு மடங்கா ஆக்கிட்டாரு அண்ணாச்சி. உரிஞ்சுது.

அப்ப அடுத்து என்ன பண்ணணும்? புகை இல்லாட்டி உரியலைன்னு காட்டியாச்சு. வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாள் புகை போட்டா உரியுதுன்னு காட்டணும். செவ்வாக்கிழமை போடுவோம். யாரு போடுறது? வேற யாரு, நான்தான். சார், எங்க வீட்டுல நாங்க ஊதுபத்திகூட ஏத்தினது கிடையாது. எங்கப்பா சாவுக்கே ஏத்தல. நாட்டு மருந்துக் கடையில போயிச் சாம்பிராணின்னு கேக்கிறேன். எந்தச் சாமிக்கு சார்னு கேக்கிறான் கடைக்காரன். தகட்டுக்குன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்தான்.

கரி மூட்டி, பொடியைத் தூவி, தூபக்காலை எடுத்துக்கிட்டு ரேக்கு ரேக்கா நான் காட்டினேன் சார். இந்தக் கையால. மதியச் சாப்பாட்டு நேரம், ஆள் இருக்காதுன்னு நினைச்சேன். கண்ணு எரியுது, இருமல் வருது, திரும்பிப் பாத்தா கம்பெனியே வாசல்ல நிக்குது. பிரஸ்காரன் செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறான். பொம்பளைங்க எல்லாம் கும்பிடுதுங்க. அண்ணாச்சி வந்தாரு, என் தோளைப் பிடிச்சாரு. கடைசியில வந்துட்டியேய்யான்னாரு. சோதனை அண்ணாச்சின்னேன். சாமி எல்லாரையும் சோதிக்கும்யான்னாரு.

வீட்டுக்குப் போனா அங்க வேற. சட்டையில சாம்பிராணி வாசனை. என் சம்சாரம் மோந்து பாத்துட்டு, அடுப்படிக்குப் போயி, அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருந்து ஒரு முருகன் படத்தை எடுத்துட்டு வந்து ஹால்ல மாட்டுது. எங்கப்பா படத்துக்குப் பக்கத்துல. பூவெல்லாம் போட்டு, பழைய படம் சார். எத்தனை வருஷமா அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. தினமும் அந்த டிரம்மைத் தாண்டித்தான் நான் தண்ணி குடிக்கப் போறேன்.

உரிஞ்சுதா? உரிஞ்சுது சார்! செவ்வாக்கிழமைத் தகடு அம்புட்டும் தோசை மாதிரி வந்துச்சு. இதைவிட என்ன ஆதாரம் வேணும்? அள்ளிக்கிட்டுப் போயி மேஜையில போட்டேன். அண்ணாச்சி ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாரு. அமைதியாச் சொன்னாரு. "நம்பிக்கை இல்லாதவன் கைப்பட்டுச்சுல்ல. அப்படித்தான் ஆகும்."

சொல்லுங்க சார். இதுக்கு என்ன பதில்? நியூட்டனே வந்தாலும் இதுக்கு என்ன பதில் சொல்லுவாரு?

கேட் திறந்துட்டான். போவோம். பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாருங்க, எல்லாருக்கும் அவசரம்.

என்ன சார்? சனிக்கிழமை காலையில தகட்டைக் கழுவிட்டு அடிச்சிருக்கலாமேவா? சால்வென்ட்ல முக்கி எடுத்தாப் போதுமேன்னு கேக்கிறீங்க. போதும். அரை மணி வேலை. பிசின் கரைஞ்சு போயிரும். பூஜை பாட்டுக்குப் பூஜை, வேலை பாட்டுக்கு வேலை, ஒருத்தனுக்கும் தெரியாது. அது எனக்குத் தோணலைன்னா நினைக்கிறீங்க? முதல் நாளே தோணுச்சு. ஆனா அது தீர்வா சார்? காரணத்தை நட்டநடு ஹால்ல குந்த வெச்சுட்டு, நான் பின்னாடியே போயித் துடைச்சுக்கிட்டே இருக்கணுமா? நல்லா ஒட்ட ஆரம்பிச்சா என்ன சொல்லுவாரு அண்ணாச்சி? பாத்தியா, சாம்பிராணின்னுவாரு. அப்புறம் உண்மை என்ன ஆகுறது? எங்கப்பா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? இல்ல சார். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல? சரி, எனக்கு அப்படித் தெரிஞ்சுச்சு.

அதுக்குத்தான் நீங்க. வர்றேன், விஷயத்துக்கு வர்றேன். உங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆள் வருதுன்னு அண்ணாச்சி சொன்ன உடனே, குவாலிட்டி ஆடிட்டுதான்னு அங்க போன் போட்டேன். யாரை அனுப்பினாலும் நல்ல பக்தியுள்ள ஆளா அனுப்புங்கன்னேன். போனை எடுத்த அம்மா சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுக்கட்டும். நீங்க ரயிலைவிட்டு இறங்குறீங்க, முகம் கழுவி, நெத்தி பூரா விபூதி பூசி, எனக்குப் போன உசுரு வந்துச்சு சார். நாத்திகன் நான் ஒருத்தன், விபூதியைப் பாத்து மனசு குளுந்தேன்னா என் நிலைமையைப் பாத்துக்கங்க.

இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ரேக்குல பாதித் தகட்டை நான் மூடி வைக்கிறேன். மீதிப் பாதிக்கு நீங்க சாம்பிராணி காட்டுங்க. உங்க கையால. மனசார, வேண்டிக்கிட்டு, எந்தச் சாமி இஷ்டமோ அந்தச் சாமியைக் கும்பிட்டு. அண்ணாச்சி கண்ணு முன்னாடி. நாளைக்குக் கோட்டிங் அடிச்சு இழுத்துப் பாப்போம். மூடினது ஒட்டும், நீங்க காட்டினது உரியும். அப்ப நம்பிக்கை இல்லாத கைன்னு சொல்ல முடியாதுல்ல? நீங்க நம்புறவரு, கஸ்டமர், பெரிய இடத்து ஆளு. அவரால வாயைத் திறக்க முடியாது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருந்துட்டுப் போங்க சார். லாட்ஜ் நான் பாக்கிறேன். எங்க வீட்டுலயே தங்குங்க, இப்ப முருகன் படம்கூட இருக்கு.

ஒரு கும்பிடு போடுறதுல உங்களுக்கு என்ன சார் நட்டம்? நீங்க எழுதிட்டுப் போறதுலதான் எல்லார் பிழைப்பும் இருக்கு. காலைப் பிடிக்கச் சொன்னா வண்டியை ஓரம் நிப்பாட்டிட்டுப் பிடிக்கிறேன். நான் சொல்றதுக்கு ஆதாரம் கேக்காதீங்க, ஆதாரம் எல்லாத்தையும் அந்த ஆளு முழுங்கிட்டாரு. என்னை நம்புங்க. நம்புங்க சார்.

இந்தா வந்துருச்சு, அந்த வேப்ப மரத்தை ஒட்டின கேட்டுதான். என்ன லாரி நிக்குது? இன்னைக்கு லோடு எதுவும் போகலையே. கிரேன் வேற.

என்ன சார்?

மெதுவாச் சொல்லுங்க. ஆடிட்டுக்கு வரலையா?

அச்சை எடுக்கவா?

எல்லா அச்சையுமா?

நீங்க பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டா... ஸ்டேஷன்ல இருந்து இதைத்தான் சொல்ல வந்தீங்களா. அண்ணாச்சிக்குத் தெரியுமா? போன வாரமே மெயில் வந்துருச்சா. அதான், யாரோ வர்றாங்கய்யா, நீ வேணாப் போய்க் கூட்டிட்டு வான்னு தரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு. என் மூஞ்சியைப் பாக்கக் கூச்சப்படுறாரு, தான் தப்புன்னு தெரிஞ்சுபோச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

எங்க போகுது அச்சு? விருதுநகர்ப் பக்கம் புதுக் கம்பெனியா. சரி. சரி சார். அச்சு உங்களோடதுதானே, உங்க காசுல செஞ்சது, எடுத்துட்டுப் போறீங்க. அச்சு போயிருச்சுன்னா பிரஸ்சுல என்னத்தை வைக்கிறது? வெறும் பிரஸ்தான் நிக்கும். ஒண்ணு விட்டுட்டுப் போகக் கூடாதா சார்? ஒரே ஒரு அச்சு, நாளைக்கு வரைக்கும். முடியாதா. லாரிக்கு வாடகை ஓடுதா. நியாயம்தான்.

இருங்க, இறங்காதீங்க, அங்க பாருங்க. அச்சுக்கெல்லாம் சந்தனம் வெச்சிருக்காரு. அண்ணாச்சிதான் சார் அது, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மொட்டைத் தலையோட. பொண்ணை அனுப்புற மாதிரி நிக்கிறாரு பாருங்க. பஞ்சவர்ணம் தூபக்காலைக் கொண்டுவருது. ஒவ்வொரு அச்சாத் திறந்து உள்ளுக்குள்ள காட்டுது. ஐயோ, உள்ள காட்டுறாளே.

சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆர்டரை எடுத்துக்கங்க, அச்சை எடுத்துக்கங்க. ஏத்துறதுக்கு முன்னாடி அதைச் சால்வென்ட் ஊத்தி நல்லாத் துடைக்கச் சொல்லுங்க. நான் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க, நீங்க சொல்லுங்க. இல்ல, குடுங்க, நானே துடைக்கிறேன். அச்சுல பிசின் படிஞ்சு போயி, அந்தக் கம்பெனியிலயும் ரப்பர் உரிஞ்சுதுன்னு வைங்க, அங்கயும் எவனாவது ஏன் ஏன்னு கேட்டு, கடைசியில ஒரு பொம்பளையைத்தான் சார் வீட்டுக்கு அனுப்புவான்.